நாயிப் சுபேதார் என்பவர் அதிகாரியா, சிப்பாயா? அந்தப் பதவி எப்படி வந்தது?

மாமாவுக்கு நாயிப் சுபேதாராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, "அப்போ அவர் ஆபீசர் ஆகிட்டாரா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் 'ஜமேதார் வீடு' என்றுதான் பெயர். தபால்காரரிடம் கதவு எண்ணைச் சொன்னால் யோசிப்பார். ஜமேதார் வீடு என்றால் நேராக வந்து நிற்பார். அந்த ஜமேதார் என் தாத்தா. 1943இல் மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்தவர், 1967இல் ஓய்வு பெற்றார். உங்கள் மாமாவுக்கு இப்போது கிடைத்திருக்கும் அதே பதவியில்தான்.

முதலில் நேரடியாகப் பதில். ஆமாம், அதிகாரிதான். ஆனால் லெப்டினன்ட், கேப்டன் என்று போகிற வரிசை வேறு, இது வேறு. சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று படிப்படியாக ஏறி வந்தவர்களுக்கான ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) வரிசையில் இது முதல் படி. இதற்கு மேலே சுபேதார், அதற்கும் மேலே சுபேதார் மேஜர். (விளையாட்டு வீரர்களை நேரடியாக இந்தப் பதவியில் சேர்ப்பதும் உண்டு. நீரஜ் சோப்ரா 2016இல் அப்படிச் சேர்ந்தவர்தான்.) சிப்பாய்கள் மட்டுமல்ல, லெப்டினன்ட்டும் கேப்டனும்கூட இவரை 'சாப்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். 'நாயிப்' என்றால் துணை, பதிலாள் என்று பொருள். அரபிச் சொல். நமக்கு நன்றாகத் தெரிந்த 'நவாப்' என்பது அதே சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான். 'சுபா' என்றால் மாகாணம். 1580இல் அக்பர் தன் ராஜ்ஜியத்தைப் பன்னிரண்டு சுபாக்களாகப் பிரித்தார். சுபாவை ஆண்டவர் சுபேதார். ஹைதராபாத் நிஜாம்கூடத் தக்காண சுபேதார்தான். ஒரு மாகாணத்தையே ஆண்டவரின் பட்டம் எப்படி நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனி என்ற படைப்பிரிவின் தலைவருக்கு வந்து சேர்ந்தது? முகலாய ஆட்சி தளர்ந்தபோது பட்டங்களும் மலிந்துபோயின என்பதுதான் என் எண்ணம்.

ஜமேதாரின் கதை வேறு. இதுதான் உங்கள் மாமாவின் பதவிக்கு உண்மையான முன்னோர். 'ஜமா' என்றால் கூட்டம். ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்தைத் தானே திரட்டி, யார் சம்பளம் கொடுத்தாலும் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் ஜமேதார். ஆட்கள் அவர் ஊர்க்காரர்கள், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு, அவர்களுடைய சில நூறு பேரும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சேர்ந்து, அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை விரட்டியடித்தார்கள். பயிற்சி கொடுத்தால் உள்ளூர் ஆட்களே போதும் என்று ஆங்கிலேயர்களுக்கு அங்கேதான் உறைத்தது. 1748இல் வந்த ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் காலத்தில் மதராஸ் சிப்பாய்ப் படை ஒழுங்குக்கு வந்தது. ஆனால் சிப்பாய்களின் மொழி வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெரியாது, சிப்பாய்க்கு அவர்களைத் தெரியாது. நடுவில் ஒருவர் வேண்டும். ஏற்கெனவே கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த சுபேதாரையும் ஜமேதாரையும் அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

தொடக்கத்தில் அவர்களுக்கு நிஜமான அதிகாரம் இருந்தது. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கே தளபதியாக உயர்ந்தார். 1764இல் மதுரையில் அவரை அதே கம்பெனியின் படை பிடித்தது, ஆற்காட்டு நவாப் தூக்கிலிட்டார். அப்புறம் வாசல் சுருங்கிக்கொண்டே வந்தது. 1796 சீர்திருத்தத்தில் ஒவ்வொரு பட்டாலியனிலும் வெள்ளைக்கார அதிகாரிகள் கூடினார்கள். முப்பது நாற்பது வருஷம் சேவை செய்த சுபேதாரும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய பையனுக்குக் கீழே நிற்க வேண்டியதாயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது முன்னணியில் நின்றவர்களில் சுபேதார் ஷேக் ஆதம், ஜமேதார் ஷேக் காசிம் போன்றவர்கள் இருந்ததில் வியப்பில்லை. புதுத் தலைப்பாகை கிளப்பிய கோபம் சிப்பாய்க்கு. அதைக் கேட்டு மேலே சொல்ல வேண்டியவர் ஜமேதார். மேலே சொன்னால் காதில் வாங்க ஆளில்லை.

1857இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியோடு நின்றபோது, அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. காவலுக்குப் பொறுப்பாக இருந்த ஜமேதார் ஈஸ்வரி பிரசாத் அசையவில்லை. மங்கள் பாண்டேயை ஏப்ரல் 8 அன்று தூக்கிலிட்டார்கள். ஈஸ்வரி பிரசாத்தை ஏப்ரல் 21 அன்று. முதல் பெயர் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

முதல் உலகப் போரில் ஜமேதார் மீர் தஸ்த். 1915 ஏப்ரல் 26, பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே விஷவாயுத் தாக்குதல். தாக்குதலில் தன் பிளட்டூனை (சிறு படைப்பிரிவு) முன்னின்று நடத்தினார், ஆங்கிலேய அதிகாரிகள் எல்லோரும் விழுந்த பிறகு ரெஜிமென்டின் மற்ற ஆட்களையும் திரட்டித் தானே நடத்தினார். குண்டுமழைக்கு நடுவில் எட்டு அதிகாரிகளைப் பத்திரமான இடத்துக்குத் தூக்கிவர உதவினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவருடன் பிறந்த மீர் மஸ்தும் ஜமேதார்தான். அதே ஆண்டு மார்ச்சில் அவர் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். ஒரே வீடு, ஒரே பதவி.

அந்தக் காலத்தில் இவர்களுக்கு வைஸ்ராய் கமிஷன் அதிகாரிகள் என்று பெயர். முழு அதிகாரிகளை உருவாக்கும் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி இந்தியர்களுக்கு 1918இல் திறந்தது, அதுவும் வருஷத்துக்குப் பத்து இடம்தான். 1932இல் இங்கேயே டேராடூன் ராணுவ அகாடமி வந்தது. 1947க்குப் பிறகு வைஸ்ராய் போனார், பெயர் ஜே.சி.ஓ. ஆனது, பதவி தங்கிவிட்டது. முழு அதிகாரிகளாகவே இந்தியர்கள் வந்தபிறகும் நடுவில் இப்படி ஒருவர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. படையில் இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் பிளட்டூனுக்கு வரும் லெப்டினன்ட்டுக்குப் பக்கத்தில், அந்தச் சிப்பாய்கள் ஒவ்வொருவரின் வீட்டு நிலவரம்வரை தெரிந்த ஒருவர் வேண்டும். சியாச்சினில் 1987 ஜூனில் பனிச்சுவர் ஏறிப் போய்ப் பாகிஸ்தான் நிலையைப் பிடித்தவர் நாயிப் சுபேதார் பானா சிங். பரம் வீர் சக்ரா பெற்றார். அந்த இடம் இன்று பானா முனை.

1965இல்தான் ஜமேதார் என்ற பெயரை ராணுவம் எடுத்துவிட்டு நாயிப் சுபேதார் என்று வைத்தது. குதிரைப்படை வழிவந்த ரெஜிமென்டுகளில் நாயிப் ரிசால்தார். வடக்கே துப்புரவுத் தொழிலாளியை ஜமாதார் என்று கூப்பிடும் வழக்கம் பரவியிருந்தது, அதனால் மாற்றினார்கள் என்று சொல்வார்கள். துப்புரவு வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் இருநூறு வருஷப் பெயரைக் கைவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. இதே குடும்பத்துச் சொல்லான டபேதார் நம் கலெக்டர் ஆபீசிலும் கோர்ட்டிலும் டவாலியோடு இன்னும் நிற்கிறார். அதுவும் குதிரைப்படையிலிருந்து வந்த பதவிதான்.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழுப்பேறிய பக்கத்தில் ஜமேதார் என்ற சொல்லைச் சிவப்பு மையால் ஒரே கோடு இழுத்து அடித்து, மேலே பொடி எழுத்தில் புதுப் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே அவருடைய தோள்பட்டைத் துணி. ஒரு சின்ன நட்சத்திரம், அதன் கீழே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை. உங்கள் மாமா தோளில் இப்போது ஏறப்போவதும் அதேதான். சொந்தக்காரர்கள் மறுபடி கேட்டால் அந்தப் பட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். லெப்டினன்ட் தோளில் அது இருக்காது.