பில்லில் புதிய காலிபர், கழற்றினால் பழைய இரும்பு

காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என்னிடம் 2007ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார் இருக்கிறது. பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிரேக் அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அந்தப் பக்கத்து முன்சக்கரமும் சூடேறியது. வேலூரில் ஒரு பட்டறையில் விட்டேன். முன்சக்கரங்களில் பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் காலிபர் இரண்டையும் மாற்றினார்கள். 'புதிய காலிபர் 2: ரூ.9,600, கூலி, பிரேக் ஆயில்: ரூ.1,800' என்று பில் கொடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடியும் இழுத்தது. பட்டறைக்காரரிடம் போனில் கேட்டேன். 'புதிய பேடு, பழகும்வரை அப்படித்தான்' என்றார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏலகிரி போய் இறங்கும்போது ஒரு வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரச் சுவரில் உரசி நிறுத்தினேன். யாருக்கும் காயமில்லை. அடிவாரத்து மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, பழைய காலிபருக்குப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள் என்றார். வேறு மாட்டிவிட்டு, கழற்றியதைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். பட்டறைக்காரர் இப்போது, 'அந்த இரண்டையும் கொண்டுவாருங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? போலீசுக்குப் போகலாமா? மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கிறது."

ஐயா, முதலில் அந்தச் சாக்கைப் பற்றிப் பேசிவிடுவோம். அதைக் கொடுக்காதீர்கள். பில் ஒரு காகிதம். 'எழுதும்போது தவறிவிட்டது' என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். இரும்பு அப்படி மறுக்காது. நீங்கள் அனுப்பிய படத்தில் வெள்ளிநிறப் பெயின்ட், பிரேக் ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளின் திருகுமரை மேலும் ஏறியிருக்கிறது. ஒரு மூலையில் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு தெரிகிறது. புதிய உதிரிபாகம் எதுவும் பெட்டியிலிருந்து இப்படி வராது. துடைக்காமல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாமல், உள்ளே இருக்கும் பிஸ்டனை யாரும் தள்ளிப் பார்க்காமல் அப்படியே வைத்திருங்கள். அடிவாரத்து மெக்கானிக்கிடமிருந்து, எந்தத் தேதியில் எந்தச் சக்கரத்திலிருந்து கழற்றினார், என்ன பார்த்தார் என்று கையெழுத்துடன் ஒரு கடிதமும், அவருடைய பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருக்கும். இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய காலிபரைப் பிரித்து, சுத்தம் செய்து, ரப்பர் சீலும் தூசி உறையும் மாற்றி, அரித்த பிஸ்டனுக்குப் புதியது போட்டு மீண்டும் மாட்டுவது குற்றமல்ல. பழைய கார்களுக்கு அது நல்ல வழியும்கூட. 'பழையதைச் சரிசெய்து போடுகிறேன், இவ்வளவு ஆகும்' என்று அவர் சொல்லியிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அவர் பிழை பில்லில் எழுதிய 'புதிய' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), நியாயமற்ற வணிக நடைமுறை எது என்று விளக்கும்போது, திரும்பக் கட்டிய, பயன்படுத்திய, புதுப்பித்த, பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதைத் தனியே குறிப்பிடுகிறது. உங்கள் வழக்குக்காகவே எழுதியது போன்ற வரி அது. வேலையைச் சரியாகச் செய்யாதது பிரிவு 2(11)இன்படி சேவைக் குறைபாடு. இரண்டையும் மனுவில் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'புதிய' என்பது தவறுதலாக எழுதப்பட்டது என்று அவர் நிரூபித்துவிட்டாலும், வேலையில் உள்ள குறை நிற்கும்.

இனி, எதிர்தரப்பு வழக்கறிஞர் உங்களை எங்கே பிடிப்பார் என்று பார்ப்போம். 'மலையிறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், அதனால்தான் பிரேக் போனது' என்பார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள் என்பதால், இந்த வாதம் எடுபடும். இங்கேதான் உள்ளே நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். காலிபரில் பிஸ்டன் இறுகிவிட்டால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாது. உரசி உரசிச் சூடு ஏறும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆயிலுக்கும் பணம் வாங்கியிருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு பக்கக் காலிபரின் பிஸ்டன் மட்டும் இறுகி, அந்தப் பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்து கருகியிருந்தால், ஓட்டுநர் மேல் பழி போடுவது கடினம். ஓட்டுநரின் தவறு இரண்டு சக்கரத்தையும் ஒன்றுபோலத்தான் சுட்டிருக்கும். பேடுகளும் சாக்கில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இதைச் சொல்ல நிபுணர் கருத்து வேண்டும். வாகனச் சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரிடம் காட்டி அறிக்கை வாங்கலாம். வழக்கு தொடுத்த பிறகு, நுகர்வோர் ஆணையத்தின் மூலமாகவே பொருளைச் சோதனைக்கு அனுப்பக் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38 வழி தருகிறது. செலவை நீங்கள் முதலில் கட்ட வேண்டும்.

எதிர்தரப்பு கேட்கும் இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது: வண்டி இழுப்பது தெரிந்தும் ஏன் மலைக்குப் போனீர்கள்? குறையுள்ள வண்டியைத் தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190இன்படி அபராதத்துக்குரியது. இதை மனுவில் மறைக்காதீர்கள். 'பழகும்வரை அப்படித்தான்' என்று அவர் சொன்னதை நம்பினேன் என்று நேராக எழுதுங்கள். அந்தத் தேதியின் அழைப்புப் பட்டியலை இணையுங்கள். அந்த ஒரு நிமிடப் பேச்சு உங்களைக் காப்பாற்றுவதோடு அவருக்கே பாதகமாகவும் திரும்பும். வாட்ஸ்அப் குரல் பதிவையும் போனிலேயே வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம்.

போலீஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது, உண்மைதான். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். காவல் நிலையத்தில் பெரும்பாலும் மனு ஏற்பு ரசீது ஒன்றைக் கொடுத்து, இருவரையும் உட்காரவைத்துப் பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் சாக்கு கைமாறிவிடும்.

இன்சூரன்ஸில் உங்கள் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. சுவரில் உரசிய கதவுக்கும் பம்பருக்கும் ஆன செலவைப் பட்டறையிடமே கேட்க வேண்டும்.

பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொன்னதைக் குறிப்பிட்டு, வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். பணம் வந்தால் மனம் ஆறுகிறதா, முடித்துக்கொள்ளுங்கள். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'முழுத் தீர்வு' என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு கதவுச் செலவுக்கு என்னிடம் வராதீர்கள்.

அவர் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடமளிக்கிறது. கட்டணம் கிடையாது, கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் அப்படித்தான். இழப்பீடாக எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை வைத்துக் கட்டணம் கணக்கிடப்படுவதில்லை என்று தெரிந்ததும், பலர் மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். 11,400 ரூபாய் வேலைக்கு அப்படிக் கேட்டால் உங்கள் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் விழும். பில் தொகை, அடிவாரத்து மெக்கானிக்கின் பில், பம்பர் செலவு, சர்வேயர் கட்டணம், அதோடு மனைவியும் பேரக் குழந்தைகளும் அந்த வளைவில் பட்ட பயத்துக்கு நியாயமான ஒரு தொகை. போதும்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை, நீங்களே வாதிடலாம். முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு அது பெரிய காரியமல்ல. வழக்குக்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள். ஏலகிரியில் பிரேக் போன நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பட்டறை பில்லில் உள்ள தேதியிலிருந்தே எண்ணி, அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.