அதே கரயான், வேறு பெட்டி

கேள்வி: 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். பீத்தோவனின் 9 சிம்பொனிகளையும் கண்டக்டர் (ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர்) கரயான் நடத்தி, 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்த பதிவின் சிடி பெட்டியை வாங்கச் சொன்னார் நண்பர். இணையத்தில் ஆர்டர் போட்டேன். விற்பனைப் பக்கத்திலும் 1963 என்றுதான் இருந்தது. வந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, ‘இது அது இல்லை’ என்கிறார் நண்பர். விற்றவரோ ‘கரயான்தானே சார்’ என்கிறார். திருப்பித் தர முடியுமா? தந்தால் வேறு எதை வாங்கலாம்?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நண்பர் சொன்னதைச் சரிபார்ப்பது சுலபம். கரயான் இந்த ஒன்பதையும் ஒரு தடவை பதிவு செய்துவிட்டு நிறுத்தவில்லை. 1950களில் லண்டன் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு முறை, அப்புறம் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு மூன்று முறை: 1961-62 (இதுதான் 1963-ல் வெளிவந்தது), 1975-77, 1982-84. பெர்லின் மூன்றையும் வெளியிட்டது ஒரே கம்பெனி, டாய்ச் கிராமபோன். அதே மஞ்சள் முத்திரை, உறையில் அதே வெள்ளி முடி. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஒன்பதாவது சிம்பொனிக்கு நேராக நான்கு பாடகர் பெயர் இருக்கும். முதலில் வரும் சொப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி) பெயர் ஜானோவிட்ஸ் என்றால் உங்களுக்குச் சொன்ன 1963 பெட்டி. தொமோவா-சிந்தோவ் என்றால் எழுபதுகள். ஜேனட் பெர்ரி என்றால் எண்பதுகள். சில பெட்டிகளில் ‘டிடிடி’ (DDD) என்று பொடியாக மூன்றெழுத்து இருக்கும். பதிவே டிஜிட்டல் என்று அர்த்தம், அதாவது எண்பதுகள். ‘ஏடிடி’ (ADD) என்றால் டேப்பில் பதிந்தது. மறுபதிப்புகளில் இந்த மூன்றெழுத்து பல சமயம் இருக்காது. பாடகர் பெயர்தான் நம்பகம்.

பெயர் மாறியிருந்தால் வழி இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் 1963 என்று போட்டிருப்பதை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். ‘கரயான் ஒரிஜினல் அல்ல’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வந்ததும் ஒரிஜினல்தான். வருடம்தான் தப்பு.

இனி வாங்குவது. கண்டக்டர் பெயரை மட்டும் வைத்துப் பெட்டி வாங்குவது, டைம்டேபிளைப் பார்க்காமல் பஸ் கண்டக்டரைப் பார்த்து ஏறுகிற மாதிரி. வருடமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்தால்தான் விலாசம் முழுதாகும். கச்சேரி கேட்பவர்களுக்கு ஒரே கீர்த்தனை ஆளுக்கு ஆள் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஸ்வரம் அநேகமாக மாறாது, காலப்பிரமாணம் மாறும். 1951-ல் ஜெர்மனியின் பைராய்ட்டில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய ஒன்பதாவது 74 நிமிடத்தை ஒட்டிப் போகிறது. தொண்ணூறுகளில் கார்டினர் பதிந்ததோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். பீத்தோவனே குறித்துக் கொடுத்த மெட்ரோனோம் (வேகத்தை அளக்கும் கருவி) எண்களை ஒட்டியே ஓட்டுகிறார் கார்டினர். பழைய காலத்து வாத்தியங்கள், குடல் நரம்பு வயலின்கள். இன்னொரு கண்டக்டர் க்ளெம்பரர் இதற்கு நேர் எதிர், சௌக்க காலம். ஆனால் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைப்பார். ஹெட்போனில் கேட்டால் இரண்டு வரிசையும் பேசிக்கொள்வது காதுக்குக் காது தெரியும்.

நிமிடக் கணக்கை மட்டும் நம்பவும் கூடாது. மூன்றாவது சிம்பொனியின் முதல் பகுதியில் ஒரு பெரிய துண்டைத் திரும்ப வாசிக்கும்படி பீத்தோவன் எழுதியிருக்கிறார். கார்டினர் திரும்ப வாசிக்கிறார், 1963 கரயான் வாசிக்கவில்லை. நிமிடம் குறைவதால் வேகம் அதிகம் என்று ஆகிவிடாது.

என் வாக்கு? 1963 கரயான் கம்பீரம், சந்தேகமில்லை. கிராமத்தைப் பற்றிய ஆறாவதில் மட்டும் கிராமத்துக்குப் போனவர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கிறார். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபேன் ஓடுகிற கூடத்தில் கரயானின் மெல்லிய இடங்கள் காணாமல் போகும். கார்டினரின் வறட்டு அடி ஃபேனை மீறிக் கேட்கும். ஹெட்போனில் கேட்பவரானால் கரயான், கூடத்தில் என்றால் கார்டினர். இரண்டோடும் கார்லோஸ் க்ளைபர் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு எழுபதுகளில் பதிந்த 5, 7 ஒரே டிஸ்க்கில் கிடைக்கும், சேர்த்து வாங்குங்கள். ஒன்பதும் சேர்ந்த முழுப் பெட்டி அவரிடம் கிடையாது. டோஸ்கனினி நடத்திய பெட்டி மோனோ (இடம், வலம் பிரியாத ஒலி), முதல் பெட்டியாக வேண்டாம்.

பழைய பெட்டியானால் கடையிலேயே திறந்து பாருங்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒருமுறை நான் அவசரத்தில் வாங்கிய பெட்டியில் மூன்றாவது டிஸ்க் இரண்டு இருந்தது, நான்காவது இல்லை. மறுவாரம் போய்க் கேட்டேன். ‘எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு’ என்றார் கடைக்காரர்.

கேள்வி: எல்லாமே செல்போன் செயலியில் இலவசமாகக் கிடைக்கும்போது பெட்டிக்கு ஏன் காசு?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கச் செயலியை விட நல்லது இல்லை. ஏழாவதின் இரண்டாம் பகுதியை மூன்று பேரிடம் அடுத்தடுத்துக் கேளுங்கள், உங்கள் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் ஐந்தாவதில் மூன்றாம் பகுதி முடியாமலே நான்காம் பகுதிக்குள் போகும். டிரம் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, வயலின் மெல்ல ஏற, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வெடிக்கும். என் இலவசச் செயலியில் சரியாக அந்த இடத்தில் டிஷ்யூ பேப்பர் விளம்பரம் வந்தது.