பாலைக் குறைத்தால் பசி வரும்

கேள்வி: என் மூன்றரை வயது மகள் தயிர்சாதம், பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை. காய் வைத்தால் துப்பிவிடுகிறாள். செல்போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள். சாதம் இறங்காததால் தினமும் நாலைந்து டம்ளர் பால் கொடுக்கிறோம். மாமியார் பசி டானிக் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: டானிக் வேண்டாம். முதலில் பாலைக் குறையுங்கள். டம்ளருக்கு 150 மில்லி என்றாலும் 600 முதல் 750 மில்லி ஆகிறது. இந்த வயதுக்குத் தயிரையும் சேர்த்து 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பாலிலேயே வயிறு நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. மற்ற உணவிலிருப்பது உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். அப்படி ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு டம்ளர், அதுவும் சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. இடையில் தண்ணீர் மட்டும். பிஸ்கட் டப்பா வீட்டிலேயே இருக்க வேண்டாம். பாட்டி தாத்தாவிடமும் இதைப் பேசி வையுங்கள், இல்லையென்றால் எதுவும் நடக்காது.

காயைத் துப்புவதற்குப் பல நேரம் ருசி காரணமல்ல. குழையப் பிசைந்த சாதத்தையே விழுங்கிப் பழகிய குழந்தைக்கு மெல்லத் தெரியாது. நாரும் தோலும் வாயில் தட்டியதும் துப்பும். அதனால் கீரையில் தொடங்காதீர்கள். இனிப்பான பரங்கிக்காயைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வேகவையுங்கள். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு. அவளே கையில் எடுக்கட்டும். தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாலும் சரி, மறுநாள் மீண்டும் வையுங்கள். ஒரு புது ருசி பிடிக்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். பல வீடுகளில் மூன்றாவது தடவையே விட்டுவிடுகிறார்கள். பரங்கி பழகியதும் இளம் முருங்கைக்கீரையைக் காம்பில்லாமல் உருவி, பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு மசித்து, ஆறியபின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். அசைவ வீடென்றால் முட்டை, முள் எடுத்த விரால் மீன். வேர்க்கடலையை முழுசாகத் தராதீர்கள், புரையேறும், பொடித்துத் தாருங்கள்.

செல்போனை ஒரே நாளில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள், பயப்பட வேண்டாம். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். என்ன வைப்பது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு என்பது அவள் முடிவு. 25 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். "ஒரு வாய் வாங்கிக்கோ, பிஸ்கட் தர்றேன்" என்ற பேரம் மட்டும் கூடவே கூடாது. காய் தண்டனை, பிஸ்கட் பரிசு என்றே மனசில் பதிந்துவிடும்.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பாருங்கள். இந்த வயதில் வருஷத்துக்குச் சுமார் 2 கிலோ ஏறினால் போதும். எடை ஏறவில்லை, வெளிறியிருக்கிறாள், மண் தின்கிறாள், விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.