ஜனவரி 26 வகுப்பை மட்டும் நீக்குவது எப்படி? கூகுள் காலண்டர் ஏபிஐ

கேள்வி: ஒரு யோகா மையத்துக்குச் செயலி எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி காலை 5 மணிக்கு இணையவழி வகுப்பு. கூகுள் காலண்டரில் தொடர் நிகழ்வாகப் போட்டிருக்கிறேன். குடியரசு தினமான 2026 ஜனவரி 26, திங்கட்கிழமை வகுப்பை மட்டும் ஏபிஐ (நிரல்கள் காலண்டரோடு பேசும் இடைமுகம்) வழியாக நீக்கப் போனேன். மொத்தத் தொடரும் எல்லோருடைய காலண்டரிலிருந்தும் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: முதலில் போனதை மீட்டுக்கொள்ளுங்கள். அழித்த நிகழ்வுகள் சுமார் 30 நாள் காலண்டரின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். கணினியில் காலண்டரைத் திறந்து, அமைப்புகளின் பற்சக்கரப் படத்தை அழுத்தினால் அந்தத் தொட்டி தெரியும். தொடரைத் தேர்ந்து மீட்டெடுங்கள். ஏற்கெனவே தனியாக நேரம் மாற்றி வைத்திருந்த வகுப்புகள் அப்படியே திரும்பியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இனி தவறுக்கு வருவோம். இந்த ஏபிஐயின் 'டிலீட்' கட்டளையில் "இந்த நாள் மட்டும்" என்று சொல்ல எந்த அளவுருவும் (கட்டளையோடு சேர்த்து அனுப்பும் மதிப்பும்) கிடையாது. காலண்டர் திரையில் அழிக்கும்போது "இந்த நிகழ்வா, எல்லா நிகழ்வுகளுமா" என்று ஒரு கேள்வி வருமே, ஏபிஐ அதைக் கேட்காது. நீங்கள் கொடுக்கும் ஐடி, அதாவது நிகழ்வின் அடையாளக் குறியீடுதான் பதில். தொடரின் ஐடியைக் கொடுத்தால் தொடர் முழுவதும் போகும், அந்த நாளின் ஐடியைக் கொடுத்தால் அந்த நாள் மட்டும் போகும். நீங்கள் கொடுத்தது தொடரின் ஐடி.

அந்த ஐடி கைக்கு வந்த வழியும் ஊகிக்கக்கூடியதே. 'ஈவென்ட்ஸ் லிஸ்ட்' அழைப்பில் 'சிங்கிள் ஈவென்ட்ஸ்' அளவுருவுக்கு 'ட்ரூ' என்று தராவிட்டால், தொடர் நாள் நாளாகப் பிரிந்து வராது. எந்தெந்த நாள் வகுப்பு என்ற விதியைச் சுமக்கும் தாய் நிகழ்வும், தனியாக மாற்றிய அல்லது ரத்து செய்த நாள்களும்தான் வரும். வந்தது தாயா, ஒரு நாள் வகுப்பா என்று தெரிந்துகொள்ள நிகழ்வின் பதிவில் இரண்டு புலங்களைப் பாருங்கள். 'ரெக்கரன்ஸ்' இருந்தால் அது தாய். 'ரெக்கரிங் ஈவென்ட் ஐடி' இருந்தால் அது தொடரில் ஒரு நாள். நீக்கும் வரிக்கு முன்னால், இந்த இரண்டாவது புலம் இல்லாவிட்டால் வேலையை நிறுத்தும்படி ஒரு சோதனை எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் உங்கள் தொடர் போயிருக்காது. 'ஐகால் யுஐடி' என்னும் புலத்தை நம்பி எதையும் செய்யாதீர்கள், தொடரின் எல்லா நாள்களுக்கும் அது ஒன்றேதான்.

சரியான வழி இது. தாயின் ஐடியைக் கொடுத்து 'ஈவென்ட்ஸ் இன்ஸ்டன்சஸ்' என்ற அழைப்பை விடுங்கள். கூடவே 'ஒரிஜினல் ஸ்டார்ட்' அளவுருவில் ஜனவரி 26 காலை 5 மணியை, +05:30 என்ற நேர வித்தியாசத்தோடு கொடுங்கள். கூட்டல் குறியை முகவரியில் அப்படியே எழுதினால் அது இடைவெளியாக மாறிப்போய் 400 பிழை வரும், %2 என்பதோடு ஆங்கிலப் பி எழுத்தைச் சேர்த்துக் குறியாக்க வேண்டும். கூகுளின் நூலகங்களைப் பயன்படுத்தினால் அவையே இதைப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வரும் ஒரே நிகழ்வின் ஐடியை எடுத்து 'டிலீட்' செய்யுங்கள். வெற்றிக் குறியீடான 204 வந்தால் முடிந்தது.

நாளின் தொடக்கம், முடிவு என்று 'டைம் மின்', 'டைம் மேக்ஸ்' கொடுத்தும் தேடலாம். ஆனால் அதில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. 'டைம் மின்' நிகழ்வு முடியும் நேரத்தோடு ஒப்பிடுகிறது, தொடங்கும் நேரத்தோடு அல்ல. அதனால் முந்தைய இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் வகுப்பும் வலையில் சிக்கும். இரண்டாவது, 26ஆம் தேதி வகுப்பை யாராவது முன்பே 27க்கு நகர்த்தியிருந்தால் 26இல் தேடும்போது அது கிடைக்காது. 'ஒரிஜினல் ஸ்டார்ட் டைம்' புலத்தில் உள்ள மூலத் தொடக்க நேரம் மட்டும் வகுப்பை எங்கே நகர்த்தினாலும் மாறாது. தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டியதும் அதுதான்: தாயின் ஐடி ஒரு நெடுவரிசையில், மூலத் தொடக்க நேரம் இன்னொன்றில்.

சிலர் ஒரு நாளின் ஐடியைத் தாங்களே கோத்து எழுதுகிறார்கள். தாயின் ஐடி, ஒரு அடிக்கோடு, பிறகு தேதியும் நேரமும் என்று அது பார்க்க எளிதாகத்தான் இருக்கும். உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26 வகுப்பின் ஐடியில் 20260126 இருக்காது, 20260125 இருக்கும். நேரப் பகுதியில் 233000 இருக்கும். அந்த நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதப்படுகிறது. இந்திய நேரம் காலை 5 மணி என்பது யுடிசியில் முந்தைய நாள் இரவு 11.30. 26 என்று கோத்தால் அப்படி ஒரு நிகழ்வே இல்லை என்று 404 வரும். நியூயார்க் நேரத்தில் நடக்கும் தொடராக இருந்தால் கோடைக்கால நேர மாற்றத்தால் ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நாள் முழுவதும் என்று போட்ட நிகழ்வில் நேரப் பகுதியே கிடையாது. கோப்பதை விட்டுவிடுங்கள், 'இன்ஸ்டன்சஸ்' தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

'டிலீட்'டுக்குப் பதிலாக, அந்த நாளின் 'ஸ்டேட்டஸ்' புலத்தை 'கேன்சல்ட்' என்று மாற்றினாலும் விளைவு ஒன்றே. மாற வேண்டிய புலத்தை மட்டும் அனுப்பும் 'பேட்ச்' செய்தால், ஒவ்வொரு அழைப்பும் கூகுள் உங்களுக்குத் தரும் அழைப்பு ஒதுக்கீட்டில் 3 அலகைத் தின்னும். நிகழ்வை 'கெட்' செய்து, வந்த முழு உடலையும் (எல்லாப் புலங்களையும்) வைத்து 'அப்டேட்' செய்வது சிக்கனம். ஆனால் 'அப்டேட்'டுக்குப் பாதி உடலை மட்டும் அனுப்பினால் விட்டுப்போன புலங்கள் அழிந்துவிடும். நீக்குவதுதான் நோக்கம் என்றால் 'டிலீட்'டே நேர்வழி.

'செண்ட் அப்டேட்ஸ்' அளவுருவைச் சொல்லாமல் விடாதீர்கள். வகுப்பு இல்லை என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் போக வேண்டுமானால் 'ஆல்' கொடுங்கள். 'நன்' கொடுத்தால் கூகுளுக்கு வெளியே காலண்டர் வைத்திருப்பவர்களிடம் வகுப்பு அப்படியே நின்றுவிடலாம், அவர்கள் காலை 5 மணிக்கு எழுந்து இணைப்பைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எந்தக் காலண்டரில் நீக்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிகழ்வை ஏற்பாடு செய்தவரின் காலண்டரில் நீக்கினால்தான் எல்லோருக்கும் ரத்தாகும். அழைக்கப்பட்டவரின் காலண்டரில் நீக்கினால் அவருடைய பிரதி மட்டுமே போகும். சர்வீஸ் அக்கவுண்ட் (மனிதருக்கல்ல, நிரலுக்கென்று உள்ள கணக்கு) வழியாக ஓடும் நிரலில் 'பிரைமரி' என்று எழுதினால் அது அந்தக் கணக்கின் சொந்தக் காலண்டர், மையத்தின் காலண்டர் அல்ல.

வலையிணைப்பு அறுந்து அதே கட்டளை இரண்டாம் முறை போனால் 410 வரும். ஏற்கெனவே நீங்கிவிட்டது என்றுதான் பொருள், நிரலில் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'சிங்க் டோக்கன்' (கடைசியாக எடுத்த பிறகு மாறியவற்றை மட்டும் கேட்க உதவும் அடையாளம்) வைத்துப் பட்டியல் எடுக்கும்போது வரும் 410 வேறு. டோக்கன் காலாவதியாகிவிட்டது, முழுப் பட்டியலையும் மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பிழை கையாளியை எழுதிவிடாதீர்கள்.

நீக்கிய நாள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தொடரைப் பிரிக்காமல் எடுக்கும் பட்டியலில், 'ஷோ டிலீட்டட்' கேட்காவிட்டாலும் ரத்தான நாள்கள் வரும். வரவும் வேண்டும், இல்லாவிட்டால் விதியிலிருந்து நாள்களைக் கணக்கிடும் உங்கள் செயலி 26ஆம் தேதியையும் காட்டிவிடும். அப்படி வரும் பதிவில் ஐடி, தாயின் ஐடி, மூலத் தொடக்க நேரம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே உத்தரவாதம். தலைப்பும் 'ஸ்டார்ட்' புலமும் கட்டாயம் இருக்கும் என்று எழுதிய நிரல் அங்கேதான் விழும். ரத்தை ரத்து செய்ய, 'ஷோ டிலீட்டட்' கொடுத்து 'இன்ஸ்டன்சஸ்' எடுங்கள், அந்த நாளின் 'ஸ்டேட்டஸ்' புலத்தை 'கன்ஃபர்ம்ட்' ஆக்குங்கள்.

ஆண்டு விடுமுறைகள் முன்பே தெரியுமென்றால், தொடரை உருவாக்கும்போதே 'ரெக்கரன்ஸ்' புலத்தில் தொடரின் விதியைச் சொல்லும் ஆர்ரூல் வரியோடு, விலக்கும் நாள்களைச் சொல்லும் எக்ஸ்டேட் வரியையும் சேர்த்துவிடலாம், ஒரே அழைப்பில் வேலை முடியும். அதில் தேதி மட்டும் போதாது, 5 மணி என்ற நேரமும் ஏசியா கொல்கத்தா நேர மண்டலமும் வகுப்பின் தொடக்கத்தோடு பொருந்த வேண்டும். பிற்பாடு வகுப்பை 5.30க்கு மாற்றினால் எக்ஸ்டேட் வரியையும் கூடவே மாற்ற வேண்டும். நடுவில் திடீரென வரும் ரத்துக்கு நாளை மட்டும் நீக்குவதே நல்லது, தாயைத் தொடத் தேவையில்லை.

யோகா மையம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 வகுப்புக்குக் கட்டணம் வாங்கி, ஆர்ரூலில் 'கவுண்ட்' 12 என்று போட்டிருந்தால், ஒன்றை ரத்து செய்ததும் மாணவருக்கு 11தான் மிஞ்சும். ரத்தான நாளும் எண்ணிக்கையில் அடக்கம், கடைசியில் ஒன்று தானாகக் கூடாது. ஈடுகட்டப் போகிறீர்கள் என்றால் நீக்கவே வேண்டாம். அதே ஒரு நாள் ஐடியில் 'ஸ்டார்ட்', 'எண்ட்' இரண்டையும் ஈடு வகுப்பு நாளுக்கு மாற்றுங்கள், 12 வகுப்பும் 12ஆகவே இருக்கும்.