கண்டதும் கேட்டதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியதை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வரிக்கு வரி எடுக்கக் கூடாது. இந்தியாவில் பயணம் செய்துவிட்டு 645-இல் சீனா திரும்பிய பௌத்தத் துறவி அவர். மறு ஆண்டே பேரரசர் தாய்சோங்குக்காகத் தம் பயண நூலைக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பியான்ஜி என்ற துறவி. அரசருக்குப் போகும் அறிக்கை என்பதால் எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: சுற்றளவு, தலைநகர், மண்வளம், மக்கள் குணம், மடங்கள். காஞ்சி நாட்டில் நூறு மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்கிறார். அதைத் தலை எண்ணிய கணக்காகக் கொள்ளாமல் 'ஏராளம்' என்று படியுங்கள். ஒரு நாட்டு மக்கள் முழுவதற்கும் ஒரே வரியில் தரும் நற்சான்றிதழும் அப்படித்தான்.

இலங்கைப் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்று அங்கிருந்து வந்த துறவிகள் சொன்னதால் அவர் கடல் தாண்டவேயில்லை. ஆனாலும் நூலில் இலங்கைக்கு நீண்ட இடம் உண்டு. அத்தனையும் செவிவழிச் செய்தி. நேரில் சென்ற நாட்டுக்கு ஒரு வினைச்சொல், கேள்விப்பட்டதற்கு வேறொன்று என்று நூலின் முடிவுரையே பிரித்துச் சொல்கிறது. மொழிபெயர்ப்புகளில் அது எளிதில் கரைந்துவிடும். அடிக்குறிப்புள்ள பதிப்பாகத் தேடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் யாரும் உயிர்க்கொலை செய்வதில்லை, மது அருந்துவதில்லை என்று, யுவான் சுவாங்குக்கு முன்பே வந்த சீனத் துறவி பாகியான் எழுதினாராமே?

பதில்: பாதி மேற்கோள். 'சண்டாளர் தவிர' என்று அடுத்தே சொல்கிறார். அவர்கள் ஊருக்கு வெளியே வாழ்வதையும், உள்ளே வரும்போது கட்டையைத் தட்டி ஒலி எழுப்புவதையும் எழுதியிருக்கிறார். குப்தர் காலத்தைப் பொற்காலம் என்று பேசுபவர்கள் பின்பாதியை வசதியாக விட்டுவிடுவார்கள். பாகியான் தேடி வந்தது விநய நூல்களை, அதாவது பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதி நூல்களை. மற்றதெல்லாம் வழியில் கண்ணில் பட்டது. குப்த அரசன் இரண்டாம் சந்திரகுப்தன் ஆண்ட காலத்தில் இருந்தும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

கேள்வி: இந்தியாவில் அடிமைகளே இல்லை என்றார், மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ். உண்மையா?

பதில்: இல்லை. அசோகர் கல்வெட்டுகளே அடிமைகளை முறையாக நடத்தச் சொல்கின்றன. கிரேக்க அடிமைமுறையை மனத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இங்கிருந்தது வேறாகத் தெரிந்திருக்கலாம். அவருடைய மூலநூலும் தொலைந்துவிட்டது, பிற்கால நூலாசிரியர்களான டியோடோரஸ், ஸ்டிராபோ, அர்ரியன் எடுத்தாண்ட துண்டுகளே மிச்சம்.

கேள்வி: அப்படியானால் யாரைத்தான் நம்புவது?

பதில்: அல்பெரூனியிடம் தொடங்குங்கள். சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய மத்திய ஆசிய அறிஞர். இந்தியரைப் புரிந்துகொள்வது தமக்கு ஏன் கடினம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே அடுக்குகிறார்: ஒரே பொருளுக்குப் பல பெயர், பிரதி எடுப்பவர்களின் அலட்சியம், அயலாரை விலக்கும் வழக்கம். ஆனால் அவர் நேரில் அறிந்தது பெரும்பாலும் வடமேற்குப் பகுதி. தெற்கைப் பற்றிய வரிகளை யுவான் சுவாங்கின் இலங்கையோடு சேர்த்து வையுங்கள்.