கண்ணாடிக்குள் கெண்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,
பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் சாடிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜப்பானியர்களிடமிருந்து எடுத்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பெயரில் விற்றார்கள், அவ்வளவுதானே? காலேயின் ஊரான நான்சிக்கு வந்த ஜப்பானியர் தகஷிமா ஹொக்காய்தான் காலேவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாராமே? ஏலத்தில் வரும் சாடி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ர.

அன்புள்ள ர.,
ஏலத்தை விடுங்கள். 1904இல் காலே இறந்த பிறகும் பட்டறை அவர் பெயரையே பொறித்து வந்தது. கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள், போதும்.

தகஷிமா கதையைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. அவர் 1885இல் வனவியல் படிக்க நான்சிக்கு வந்தார். ஜப்பானிய பாணியில் கெண்டை மீன் வரைந்த காலேயின் சாடி பாரிஸ் கண்காட்சிக்குப் போனது 1878இல். ஏழு வருடம் கழித்து வந்தவர் எப்படி ஐயா கற்றுக்கொடுத்திருப்பார்? ஜப்பானியப் படங்கள் பிரான்சுக்கு அவரோடு வந்தவையும் அல்ல. 1866லேயே பாரிஸ் வியாபாரி யூஜீன் ரூசோ, பிராக்மோன் என்ற பிரெஞ்சு ஓவியரைக் கொண்டு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பறவைகளையும் மீன்களையும் சாப்பாட்டுத் தட்டில் ஏற்றிவிட்டார். யாரோ எழுதியதை நம்புமுன் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாதா? காலேயும் தகஷிமாவும் பழகினார்கள், அது உண்மை. செடிகொடி என்றால் இருவருக்கும் உயிர். அந்த நட்பைக் குருவும் சீடனுமாக மாற்றாதீர்கள்.

சரி, கெண்டை நகல்தான். ஹொகுசாயின் மாங்கா என்ற ஓவிய ஏடுகளிலிருந்து வந்தது. ஆனால் ஹொகுசாய்க்கு இருந்தது தாளும் மரக்கட்டை அச்சும். காலே துளி கோபால்ட் சேர்த்து நிலவொளி மாதிரி வெளிறிய நீலத்தைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தார். தாளில் கோடு போட்டு வரைய வேண்டிய தண்ணீர், இங்கே சாடியாகவே நிற்கிறது. இதை ஜப்பானில் யாரும் அவருக்குச் செய்து தரவில்லை. அப்புறம் அவர் கெண்டையை விட்டுவிட்டு நான்சி இருக்கும் லொரேன் பகுதியின் புல்வெளிக்குப் போனார். வேலியோரம் யாரும் மதிக்காமல் வளரும் குடைப்பூச் செடி, தும்பி என்று தன் ஊரில் உள்ளதையே கண்ணாடியில் கொண்டுவந்தார். ஒரு புல்லுக்கு ஒரு சாடி முழுவதையும் கொடுக்கலாம் என்ற துணிச்சல்தான் ஜப்பானிடமிருந்து அவருக்கு வந்தது. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அந்தக் கெண்டை முன்னால் மகளோடு நின்றிருக்கிறேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. பேழையைச் சுற்றி மறுபக்கம் ஓடிப்போய்க் குனிந்தாள். மீனுக்குப் பின்னால் அவள் முகம் நீலமாகத் தெரிந்தது. கூப்பிட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.