பெயரைப் பார்க்கும் முன் ரயரின் எண்ணைப் பாருங்கள்

முள்ளியவளையிலிருந்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில் போக எண்ணியுள்ளார், ஜேர்மனியிலுள்ள மைத்துனர் பாவித்த ட்ரெக் 520 ஒன்றையோ சேர்லி டிஸ்க் ட்ரக்கர் ஒன்றையோ வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார். எதைக் கேட்பது?

இரண்டும் சுமையோடு நெடுந்தூரம் ஓடவென்றே செய்யப்பட்ட, உருக்குப் பிரேம் கொண்ட வண்டிகள். பின்சில்லு சற்றுப் பின்தள்ளி இருப்பதால் கரியலில் தொங்கும் பையில் குதிக்கால் இடிக்காது. எனவே பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் மூன்று இலக்க எண்ணே, அதாவது ரயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதே, உங்களுக்கு முக்கியம். ட்ரெக் 520 இன் ரயர் 622. சேர்லியின் சிறிய பிரேம்கள் 559, அதாவது பிள்ளைகள் ஓடும் மவுண்டன் சைக்கிளின் 26 அங்குல ரயரோடு வருகின்றன. அது மாங்குளத்தில் வெடித்தாலும் வவுனியாவில் வெடித்தாலும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் உயரத்துக்கு அந்தப் பிரேம் பொருந்துமானால் சேர்லியையே கேளுங்கள்.

பொருந்தாவிட்டால் ட்ரெக்கை எடுக்கலாம், ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஜேர்மனியில் 622 ஐயும் '28 அங்குலம்' என்றே சொல்வார்கள். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குலமோ 635. இரண்டுக்கும் 13 மில்லிமீற்றர் வித்தியாசம். "28 தானே, போடலாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒட்டுசுட்டானில் நான் 635 ரயரை என் 622 ரிம்மில் மாட்டினேன்; காற்றடிக்க அடிக்க ரயர் ரிம்மை விட்டு ஒரு பக்கமாக எழும்பி, இடுக்கால் ரியூப் புடைத்து வெளியே வந்து வெடித்தது. எண்ணைச் சொல்லாமல் அங்குலத்தை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். இறக்குமதியாகும் ரயர்களில் பெரும்பாலும் அந்த எண் இருக்க, கடை விலைச்சீட்டில் அதை எழுதவைக்க இத்தனை வருடமாக யாருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.

கியரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்; வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் போனால் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எதிர்த்து வீசும் என்பதால் இலேசான கியர் ஒன்று இருந்தால் போதும்.

"ஜப்பானிலிருந்து வந்தது, புதிது போல" என்று இங்கேயே ஒன்றை விற்க வரும் தரகர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் பொருந்தும் இடத்தில் மட்டும் பெயின்ற் புதிதாக மினுங்கினால், உள்ளே வெடிப்பு மறைந்திருக்கலாம். அப்படியான பிரேமை என்ன விலைக்கும் எடுக்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் ரயரின் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ட்ரெக் என்றால் மடிக்கக்கூடிய 622 ரயர் இரண்டையும், அந்தச் சில்லுக்கு ஏற்ற நீளத்தில் வெட்டிய சில்லுக் கம்பிகள் பத்தையும் அதே பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.